மருந்துக்குக்கூட

மாங்குளநாடு என்றொரு நாடு அந்தக் காலத்தில் இருந்தது. கொற்றவாணன் என்ற ராஜா அதை ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கோபம் மூக்குக்கு மேல் வரும். கோபம் வந்தால் ஆணை பிறக்கும், பிறந்த ஆணை திரும்பாது.

ஒருநாள் கோட்டைக் காவலன் அபின் மயக்கத்தில் குறட்டை விட்டுக் கிடந்தான். குரங்கு ஒன்று அவன் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு போய் அரண்மனை உச்சியில் கொடியாகப் பறக்கவிட்டது. ராஜா கொதித்துப் போனான்.

"இனி என் நாட்டில் மருந்துக்குக்கூட அபின் இருக்கக் கூடாது!"

துளியும் கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம். ஆணையை நிறைவேற்ற வந்தவர் பண்டகசாலை அதிகாரி தாண்டவராயர். மந்திரி வெண்காடரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ராஜாவிடம் நல்ல பெயர் வாங்க இதுதான் சமயம் என்று வைத்தியர்களின் பைகளை எல்லாம் உதறி, மருந்துக்கு வைத்திருந்த அபினையும் ஆற்றில் கொட்டிவிட்டார்.

மறுநாளே வெண்காடர் வீட்டுக்கு நாச்சி ஓடி வந்தாள். அவள் புருஷன் காரி யானைப்பாகன். பட்டத்து யானை மதம் பிடித்த அன்று ராஜாவை அப்பால் தள்ளிக் காப்பாற்றிவிட்டு, அதன் காலடியில் தான் சிக்கி இடுப்பு நொறுங்கியவன். வைத்தியர் தரும் கடுகளவு அபின் உருண்டையில்தான் அவன் கண்ணயர்வான்.

"ஐயா, யானைக்கே பயப்படாத மனுஷன், நான் போர்வையை மாத்த வந்தா வலிக்குப் பயந்து நடுங்குறாரு. அபினைக் கூத்தடிக்கவா கேக்குறோம்?"

வெண்காடர் நேரே சபைக்குப் போய், வைத்தியர்களுக்கு மட்டுமாவது அபினை அனுமதிக்க வேண்டும் என்று தொடங்கினார்.

தாண்டவராயர் குதித்தெழுந்தார். "மருந்துக்குக்கூடக் கூடாது என்பது மகாராஜாவின் வாக்கு! சொல்லுக்குச் சொல் நடப்பவன் நான்!"

ராஜா மீசையை முறுக்கினான். "சொன்னது சொன்னதுதான், மந்திரியாரே."

இனி முட்டினால் நம் தலைதான் உடையும் என்று வெண்காடருக்குப் புரிந்தது. "நியாயம் பிரபு. நேற்று தாண்டவராயரை 'நீர் என் வலது கை' என்றீர்கள். அதுவும் சொல்லுக்குச் சொல் நடக்க வேண்டாமா?"

"நடக்கட்டும்!" என்று சிரித்தான் ராஜா.

சாப்பாட்டு வேளையில் ராஜா இலையில் கை வைக்கப் போனான்.

"பிரபு, வலது கை அதோ உட்கார்ந்திருக்கிறது!"

தாண்டவராயர்தான் ஊட்ட வேண்டியதாயிற்று. ரசம் மீசை வழியாக ஓடியது. ராஜாவுக்கு முதுகு அரித்தது. வலது கை எழுந்து வந்து சொறிந்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. வலது கை படாரென்று அடித்தது. ஈ பறந்துவிட்டது, ராஜாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"நல்லவேளை, இவரை இடது கை என்று சொல்லாமல் விட்டீர்கள்," என்றார் வெண்காடர்.

"போதும்!" ராஜா இலையைத் தள்ளினான். "ஒரு பேச்சுக்குச் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வதா? கேட்கிறவனுக்குப் புத்தி வேண்டாமா?"

"அப்படியென்றால் 'மருந்துக்குக்கூட' என்றதும் பேச்சுக்குத்தானே, பிரபு? தங்களைக் காப்பாற்றிய காரி அந்தப் பேச்சால்தான் துடித்துக்கொண்டிருக்கிறான்."

ராஜாவின் முகம் வாடிவிட்டது. "காரியா? அவன் மருந்துக்கா பூட்டுப் போட்டேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணையிட்டான்: "மயங்கிக் கிடப்பவனைப் பிடியுங்கள். வலியில் கிடப்பவனை விடுங்கள். அபின் வைத்தியர் கையில் இருக்கட்டும். தாண்டவராயரே, பக்கத்து நாட்டில் வாங்கி, காரி வீட்டுக்கு நீரே கொண்டுபோம்! மந்திரியாரே, என்ன பரிசு வேண்டும்?"

"ஆணையிடும்போது மட்டும் அலங்காரமில்லாத தமிழில் பேசுங்கள் பிரபு, அது போதும்."

தாண்டவராயர் குதிரை ஏறிப் போய் மருந்து வாங்கி வந்தார். நாச்சி வாங்கி உள்ளே போனாள். வெகுநேரம் வாசலில் நின்ற அதிகாரி பொறுமை இழந்து, "என்ன ஆச்சு? மகாராஜாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்!" என்று முழங்கினார்.

நாச்சி வெளியே எட்டிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க சாமி. தூங்குறாரு."

பிறந்ததிலிருந்து வாய் மூடாத தாண்டவராயர் அன்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் தெருக்கோடி வரை நடந்து போனாராம்.