பொடிச்சி போட்ட சமநிலைக் கணக்கு

அந்தக் காலத்தில் எறும்புகள் எதிரே வருபவளை ஏறெடுத்தும் பார்க்காது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டு தன்பாட்டுக்குப் போகும். அந்தத் திமிரை அடக்கியவள் பொடிச்சி என்ற சிற்றெறும்பு. ரசாயனக் கூடத்தில் முப்பது வருஷம் குடுவையோடு மல்லுக்கட்டிய எனக்கு அவள் கதையைச் சொல்வதில் தனிப் பெருமை.

வேம்படிப் புற்றில் தொள்ளாயிரம் எறும்புகள் இருந்தன. அவை கல்லடியில் இன்னொரு புற்றும் தோண்டின. அப்புறம் போக்கும் வரவும்தான். வேம்படியில் மூன்று பேர் இருந்தால் ஒரு நாழிகைக்குள் ஒருத்தி கல்லடிக்குக் கிளம்பிவிடுவாள். கல்லடி குளிர்ச்சியான இடம், அங்கே ஒரு நாழிகைக்குள் ஆறு பேரில் ஒருத்திதான் திரும்புவாள். முதலில் போனவர்கள் அதிகம், வந்தவர்கள் குறைவு. நாள் ஆக ஆக இரண்டும் ஒன்றாகி, நாழிகைக்கு நூறு பேர் போனார்கள், நூறு பேர் வந்தார்கள்.

இதையெல்லாம் கவனித்தவள் பொடிச்சி ஒருத்திதான். கால் ஒடிந்ததால் அந்தத் தொள்ளாயிரத்தில் சேராமல் வழியோரம் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் தும்பி வந்து, "மத்தியானம் மழை பிடிக்கும், பத்து நாள் விடாது" என்றது. மழை வந்தால் வழி முழுகிவிடும். அவரவர் இருந்த புற்றிலேயே அடைந்து கிடக்க வேண்டும். கையிருப்பு தொள்ளாயிரம் தினை, ஆளுக்கு ஒன்று. எந்தப் புற்றில் எவ்வளவு வைப்பது?

"போவதும் நூறு, வருவதும் நூறு. பாதிப் பாதியாக வையுங்கள்" என்றாள் களஞ்சியக்காரி கரிச்சி.

"வழியில்தான் சமம் அக்கா, வீட்டில் இல்லை" என்றாள் பொடிச்சி. "மூன்றில் ஒருத்தி கிளம்பி நூறு என்றால் வேம்படியில் முந்நூறு பேர். ஆறில் ஒருத்தி கிளம்பி நூறு என்றால் கல்லடியில் அறுநூறு. கூட்டினால் தொள்ளாயிரம் சரியாக வருகிறது. பாதி வைத்தால் கல்லடியில் நூற்றைம்பது பேர் பட்டினியில் செத்துப்போவார்கள்."

"உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அளக்கிறாயே."

"எட்டிப் பார்த்தால் மட்டும் நிற்பார்களா? எண்ணி முடிப்பதற்குள் பாதிப் பேர் மாறியிருப்பார்கள்."

ராணி யோசித்தாள். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்தவள் இவள்தான். இவள் சொன்னபடியே வையுங்கள்."

மழை பிடித்தது. பொடிச்சி காலை இழுத்துக்கொண்டு கல்லடிக்குள் போனாள். அங்கே கரிச்சி, "கணக்குத் தப்பினால் உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று முறைத்துக்கொண்டே ஆளுக்கொரு தினை கொடுத்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் வாங்கிப் போனார்கள். மிச்சம் ஒன்று கரிச்சிக்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்போதுதான் கரிச்சி பார்த்தாள். பொடிச்சியிடம் ஒன்றும் இல்லை.

"உன் பங்கு எங்கேடி?"

"நான் வழியோரம் இருக்கிறவள் அக்கா. எந்தப் புற்றின் கணக்கிலும் வரமாட்டேன். இருந்ததே தொள்ளாயிரம்தானே, தெரிந்துதான் என்னை விட்டுவிட்டேன்."

கரிச்சி தன் தினையை மென்றாள். பொடிச்சியின் முகத்தோடு முகம் வைத்து, வாயிலிருந்து வாய்க்குக் கொடுத்தாள். திரும்பினால் பின்னால் வரிசை. அறுநூறு பேரும் ஆளுக்கு ஒரு துளி கொடுத்தார்கள். மழை விட்டபோது அந்தப் புற்றிலேயே கொழுகொழுவென்று இருந்தவள் பொடிச்சிதான்.

குடுவைக்குள் வினை இரண்டு பக்கமும் சமமாக ஓடும்போது, அதைத் தொடாமலே எந்தப் பொருள் எவ்வளவு என்று நாங்கள் சொல்வதும், அந்த வினையின் சமன்பாட்டில் போகிற அம்பும் வருகிற அம்பும் போடுவதும் அவள் வழிதான். அன்று முதல்தான் எந்த எறும்பும் எதிரே வருபவளை முகம் தொட்டு, "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்காமல் தாண்டிப் போவதில்லை.