ஆள்காட்டியின் அலகில் இருந்த ஓடு

ஒரு குளக்கரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று குடியிருந்தது. பாம்போ பருந்தோ தலைகாட்டினால் போதும், குளமே அதிரும்படி கத்திவிடும். அந்தக் காவலை நம்பித்தான் மற்றப் பறவைகள் நிம்மதியாக அடைகாத்தன. பக்கத்துக் கோரைப்புதரில் இருந்த நீர்க்கோழி அதற்கு உயிர்த்தோழி.

ஒரு நாள் காலை ஆள்காட்டியின் மூன்று முட்டைகளும் பொரிந்தன. ஓடு கூட்டருகே கிடந்தால் எதிரிக்குத் துப்புக் கிடைத்துவிடுமே! தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதற்காக ஓட்டை அலகில் கவ்விக்கொண்டு நடந்தது.

எதிரே நீர்க்கோழி அலறியபடி வந்தது. அதன் முட்டைகளில் இரண்டைக் காணோம்!

"அடிப்பாவி! என் முட்டையைத் தின்னுட்டியா!"

ஆள்காட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடு நழுவி விழுந்தது.

"இது என் குஞ்சுங்க பொரிஞ்ச ஓடுடி! கூட்டுக்கு வந்து பாரு!"

"காவல் காக்கிற மாதிரி வேஷம் போட்டுக் கொள்ளையா அடிக்கிறே?"

போய்ப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? பத்து எட்டுதான். சத்தம் கேட்டுக் கூடிய பறவைகளில் ஒருவரும் நகரவில்லை. நேற்றுவரை 'அக்கா' என்று அழைத்த கொக்குகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. "முட்டைதின்னி! முட்டைதின்னி!" என்று எல்லாரும் சேர்ந்து விரட்டினார்கள்.

கண் திறந்து ஒரு பொழுதுகூட ஆகாத குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு ஆள்காட்டி காய்ந்த மேட்டுக்குப் போனது. அங்கே நிழலும் இல்லை, ஈரமும் இல்லை. மறுநாள் வெயிலில் ஒரு குஞ்சு சுருண்டு செத்தது.

அந்தத் துக்கத்திலும் அதன் கண் குளத்தின்மேல்தான் இருந்தது. கோரைக்குள் ஒரு சாரைப்பாம்பு நுழைந்தது. ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது.

"திருடி நாடகமாடுறா! யாரும் அசையாதீங்க!" என்றது நீர்க்கோழி.

சொல்லி வாய் மூடவில்லை, பாம்பு கூட்டுக்குள் தலையை நீட்டிவிட்டது! நீர்க்கோழி பதறிப் பறந்தது. அதன் கண்ணெதிரே மிச்ச முட்டைகளும் பாம்பின் வயிற்றுக்குள் போயின.

நீர்க்கோழி மேட்டுக்கு ஓடி வந்தது. "தப்புப் பண்ணிட்டேன்! திரும்பி வந்துடுடி!"

அந்தக் குரலைக் கேட்டதுமே குஞ்சுகள் நடுங்கித் தாயின் இறக்கைக்குள் ஒளிந்தன.

"நேத்து பத்து எட்டு நடந்து வந்திருந்தா மூணு குஞ்சையும் பார்த்திருப்பே," என்றது ஆள்காட்டி. "இப்ப ரெண்டுதான் இருக்கு."

தீர விசாரிக்காமல் சுமத்திய பழி, பொய் என்று தெரிந்த பிறகும் பறித்ததைத் திருப்பித் தருவதில்லை.