வரைபடத்தில் இருந்த பெயர்கள்

வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், தேன்கரடு மலைக்கு ஒரு துரை, பேச்சை மொழிபெயர்க்க ஒரு துபாஷியோடு வந்தார். "இந்த மலை சர்க்கார் சொத்து. உங்களுடையது என்றால் எழுத்தில் ஆதாரம் காட்டுங்கள். இல்லையென்றால் இன்றே காலி செய்யுங்கள்" என்றார். அங்கே குடியிருந்த மலை மக்கள் யாருக்கும் எழுத்து தெரியாது.

தேனெடுக்கும் வெள்ளச்சி முன்னால் வந்தாள். "தொரை கையில என்ன இருக்கு?"

"சர்க்கார் அளந்து போட்ட வரைபடம். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை."

"அப்போ அதில இருக்கிற பேரையெல்லாம் படிக்கச் சொல்லுங்க."

துபாஷி படித்தார். "சடைச்சி சுனை."

"சடைச்சி எங்கம்மா. அவ தோண்டின சுனை."

"பூசன் பாறை."

"பூசன் என் மாமனார். அங்கே தேனெடுக்கப் போய்த்தான் விழுந்து செத்தார்."

"காரி மேடு."

கூட்டத்தில் ஒரு கிழவர் கைதூக்கினார். "காரி நான்தான் சாமி."

வெள்ளச்சி நிமிர்ந்து நின்றாள். "எழுத்தில ஆதாரம் கேட்டீங்க. உங்க ஆளுங்களே எழுதி, முத்திரையும் வச்சிருக்காங்க. உங்க அப்பா பேர்ல இதில ஒரு கல்லாவது இருக்கா தொரை?"

துபாஷி தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்தார். துரை வரைபடத்தை மேலும் கீழும் பார்த்தார். அது பொய்யென்றால் சர்க்காரே பொய் சொன்னதாகிவிடும். அதைச் சுருட்டிக்கொண்டு குதிரை ஏறினார்.

மலை மக்கள் வெள்ளச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.