வலி அட்டையின் முதல் முகம்

காலையிலிருந்து இன்பரசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. வார்டுக்குள் போன் எடுக்கக் கூடாது. ஆனாலும் கோட்டுப் பைக்குள் கை அதைத் தேடிக்கொண்டே இருந்தது.

பயிற்சி ஆசிரியை டெய்சி மிஸ் பார்த்துவிட்டார். "என்ன?"

"பியூலா, மிஸ். நேத்து வகுப்பு குரூப்புல 'இனி வரமாட்டேன், என்னை மறந்துடுங்க'ன்னு போட்டா. பக்கத்துல விழுந்து விழுந்து சிரிக்கிற முகம்."

"நீங்க?"

"நாங்களும் சிரிச்ச முகம் போட்டோம். நாப்பத்திரண்டு பேரும். நான் மூணு போட்டேன்."

ஒரு தட்டுத் தட்டினால் ஒரு சிரிப்பு. காசா, பணமா. போட்டபோது இன்பரசி சிரிக்கக்கூட இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். விடுப்பில் ஊருக்குப் போயிருந்த பியூலாவின் போன் நேற்று மாலையிலிருந்து அணைந்து கிடக்கிறது. இப்போது பயமாக இருந்தது.

"விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாவே சொன்னாளா? எப்படி மிஸ் தெரிஞ்சுக்கிறது?"

மிஸ் வலி அட்டையை எடுத்து நீட்டினார். சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டை. தன் வலி எந்த முகமோ அதை நோயாளி தொட்டுக் காட்ட வேண்டும்.

"ஒன்பதாம் கட்டில்ல கேட்டுட்டு வா."

குடலிறக்க ஆபரேஷன் முடிந்த பெரியவர். பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். அவர் சிரித்த முகத்தைத் தொட்டார். "வலியே இல்லம்மா."

இன்பரசி திரும்பி வந்தாள். மனசெல்லாம் போனில் இருந்தது. "பூஜ்யம்னு எழுதிடவா மிஸ்?"

மிஸ் எழுந்து கட்டிலருகே போனார். இன்பரசியும் பின்னால் போனாள்.

"கேன்டீன்ல கொஞ்சம் வெந்நீர் வாங்கிட்டு வாங்கம்மா" என்று மகளை அனுப்பினார். அவள் படியிறங்கியதும் அட்டையை மறுபடி நீட்டினார்.

பெரியவர் வாசலைப் பார்த்தார். பிறகு ஐந்தாவது முகத்தைத் தொட்டார்.

"அவ பயந்துருவா தாயி."

ஊசி போட்டுவிட்டு இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். இன்பரசியின் கை மறுபடியும் பைக்குள் போனது.

"குரூப்புல 'என்னாச்சு பியூலா'ன்னு கேட்டுப் போடட்டுமா மிஸ்?"

"நாப்பத்திரண்டு பேர் பார்த்துட்டு நிக்கிறப்போ அவ எந்த முகத்தைத் தொடுவா? அவ ஊருக்கு அடுத்த பஸ் எப்போ?"