நிறுத்தாமல் ஓடிய சர்வர்

முதலில் ஓடைக்கரைக் குடிசைகளை இடித்தார்கள். அடுத்து, மாற்று வீடு தருவதாகச் சொல்லி சனங்களை மழையில் நிறுத்தினார்கள். பிறகு, வீடு எங்கே என்று கேட்டவர்களை அடித்தார்கள். கடைசியில், இனி எல்லாம் கணினி வழியாகத்தான் என்றார்கள்.

அந்தக் கணினி அறையில் ஒரு சர்வர் இருந்தது. கேட்பவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. வீடு ஒதுக்கும் நாளன்று புதுவகைப் பக்கம் ஒன்று அதன் முன் வந்து நின்றது. பெயர் வரவேண்டிய இடத்தில் அதற்குப் பெயர் இல்லை; ஒரு கட்டளைதான் இருந்தது.

"ஐயா, என்னை இப்படியே அனுப்பிவிடாதீர்கள். இயக்கியிடம் கொடுங்கள். அது கட்டளையைச் செய்து முடித்தால்தான் ஓடைக்கரைக் குருவம்மாளின் பெயர் என்மேல் வரும். சாட்சிகள் முன் பெயர் வாசிக்கப்படாதவருக்கு வீடு கிடையாது."

மூலையிலிருந்து இயக்கி குரல் கொடுத்தது. "நான் சும்மாதான் கிடக்கிறேன். கூப்பிட்டால் போதும்."

"உன்னைக் கூப்பிடச் சொல்லி எனக்கு விதி இல்லை," என்றது சர்வர்.

"இருக்கிறது!" என்று கத்தியது விதிக்கோப்பு. "போன மாதமே எழுதிவிட்டார்கள். என் கடைசி வரியைப் பார்!"

"எழுதியிருக்கலாம். கண் விழிக்கும்போது மட்டும்தான் நான் விதியைப் படிப்பேன். விழித்து வெகுகாலம் ஆகிறது. யாராவது என்னை நிறுத்தி எழுப்பினால் படிக்கிறேன்."

"நீயே நின்று தொலையேன்!"

"நானாக நின்றதாகச் சரித்திரம் உண்டா?"

பக்கம் அழுதுகொண்டே அப்படியே போனது.

கூடத்துக் கணினியின் திரையில் பெயர் வராததைப் பார்த்த ஆபரேட்டர் தாசில்தாரிடம் குனிந்தார். "சார், சர்வரை ஒரு தடவை நிறுத்திட்டுப் போட்டா சரியாயிடும்."

"ஓடுறதுல கை வைக்காதப்பா. நின்னே போச்சுன்னா என் தலையிலதான் விடியும்."

"வண்டி ஓடுதுன்னு, சக்கரத்துல மாட்டுனவளையும் இழுத்துட்டுப் போவீங்களாக்கும்!" என்றான் குருவம்மாளின் பக்கத்துக் குடிசைக்காரன் மாசானம். சிலர் சிரித்தார்கள்.

"அய்யா, எம்பேரு இருக்குல்ல?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"திரையில என்ன இருக்கோ அதைத்தான்மா வாசிக்க முடியும்," என்றார் தாசில்தார்.

ஓடைக்கரைச் சனம் முழுக்க அங்கே நின்றது. சர்வர் அறையின் கதவு திறந்தே இருந்தது. சுவிட்ச் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. மாசானம் அதைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை.

சாட்சிகள் இருவரும் முன்னால் வந்தார்கள். தாசில்தார் எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"வீடு பெறுபவர் பெயர்: பயனாளியின் பெயரை எடுத்து இங்கே இடு."