மருந்தே இல்லாத படம்

கணினிக்குள் புரதங்களை அசைந்தாட விட்டுப் பார்த்து மருந்து தேடும் ஆராய்ச்சிக்கூடம் அது. அங்கே இயக்குநர் இராஜமன்னார் வைத்ததுதான் சட்டம். கணினி வேலை பார்க்கும் செண்பகவல்லியிடம் அவர் உறுமினார்: "நம்ம மருந்து பட்டா புரதத்தோட ஆட்டமே மாறுதுன்னு ஒப்பிடுற மென்பொருள்ல காட்டு. இல்லேன்னா வேலைக்கு வராதே. நாளைக்கு ஆஸ்பத்திரியில நோயோட கிடக்குற ஏழு பிள்ளைங்களுக்கு இந்த மருந்தை ஊசியாப் போடணும்."

"காட்டிட்டாப் போச்சு சார்."

மறுநாள் அனுமதி தரும் குழுவின் முன் திரையில் இரண்டு ஆட்டங்கள் ஓடின. வித்தியாசம் சிவப்புச் சிவப்பாகத் தெறித்தது.

"பாத்தீங்களா, வலப்பக்கம் என் மருந்து செய்ற வேலையை!" என்று முழங்கினார் இயக்குநர்.

"ரெண்டு பக்கமும் மருந்தே இல்லை சார்," என்றாள் செண்பகவல்லி. "ஒரே புரதத்தை ரெண்டு தடவை ஓடவிட்டேன். சும்மாவே இவ்வளவு மாறுது. மருந்து வச்சாலும் இவ்வளவேதான்."

குழுத் தலைவர் ஃபைலை மூடினார். அந்த ஏழு பிள்ளைகளுக்கும் அன்று ஊசி போடவில்லை. போட வேறு மருந்தும் இல்லை.