துறைப்படியில் தூங்கியவர்

தீட்சை கேட்டு வந்த தாண்டவராயர், குரு மங்களாம்பிகை அம்மையைவிட வயதில் மூத்தவர். இருவரும் மொரீஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயியில், ஒரு கோயில் விடுதியில் தங்கியிருந்தார்கள்.

காலையில் அம்மை சொன்னார்: "ஊரை நடந்தே பாத்துட்டு வாங்க ஐயா. எங்கே கும்பிடத் தோணுச்சுன்னு வந்து சொல்லுங்க. தீட்சையை அப்புறம் பேசுவோம்."

சாயங்காலம் தாண்டவராயர் கால் வலியோடு திரும்பினார்.

"குன்றுமேல கோட்டை, குதிரைப் பந்தய மைதானம், சந்தை, எல்லாம் பாத்தேம்மா."

"எங்கே கும்பிட்டீங்க?"

"சந்தையில அந்த அன்னாசிப்பழத்தையே கும்பிடலாம். அப்படி ஒரு இனிப்பு."

அம்மை சிரித்தார். "வேற?"

"துறைமுகத்துக் கல்படி. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா வந்தவங்க கப்பலைவிட்டு இறங்கி ஏறின படி. எங்க பாட்டனாரோட தகப்பனாரும் ஏறியிருக்கார். செருப்பைக் கழற்றி ஓரமா வச்சிட்டு, நெற்றி கல்லுல படக் கும்பிட்டேன். அழுதுட்டேன்."

"படி காலியா இருந்துச்சா?"

தாண்டவராயர் வலித்த காலை நீவிக்கொண்டார்.

"ஒருத்தன் இருந்தான். ஏதோ வெளிநாட்டான். இங்கே துணி ஆலைக்கு வேலைக்கு வந்தவன் போல. பக்கத்துல ஒரு மூட்டை."

"என்ன செஞ்சுக்கிட்டிருந்தான்?"

"தூங்கிக்கிட்டிருந்தான். நிழல் அங்கேதான் இருந்துச்சு."

"நீங்க?"

"கை தட்டினேன்."

"எழுந்தானா?"

"பதறி எழுந்தான். என்னை அதிகாரின்னு நினைச்சானோ என்னவோ, சலாம் வச்சான். மூட்டையைத் தூக்கிக்கிட்டு வெயில்ல போய் நின்னான்."

"அப்போ நீங்க?"

"கும்பிட்டுக்கிட்டிருந்தேன்."

தாண்டவராயர் நெற்றியில் ஒட்டியிருந்த கல்தூசியைத் துண்டால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு சட்டென்று எழுந்து அம்மையின் காலில் விழப் போனார்.

அம்மை கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தாண்டவராயர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தீட்சையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

"நாளைக்கும் அவர் அந்தப் படியில இருப்பாரா அம்மா?"

"தெரியாது."

"'எழுந்திரு, இது புண்ணிய இடம்'னு அவரை அதட்டிட்டேன்." பிறகு, ஆறுதல் தேடுகிறவர் போலச் சொன்னார்: "நல்லவேளை, அவருக்குத் தமிழ் புரிஞ்சிருக்காது."

அம்மை சொன்னார்:

"உங்க பாட்டனாரோட தகப்பனாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனா, வெள்ளைக்காரத் துரை 'எழுந்திரு'ன்னு சொன்னது புரிஞ்சுது."